ஜன்னல் இல்லாத நாலாயிரம் அறைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் கட்டடக் காற்றோட்டம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அமெரிக்காவில் ஜன்னலே இல்லாத படுக்கையறைகளோடு திட்டமிடப்பட்ட ஒரு மாணவர் விடுதியைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரியைப் பற்றியே இருந்தன. ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதும் அதற்கே.

அப்படி ஒரு விடுதி உண்மையில் இருக்கிறதா? படித்தவர்கள் நிறைந்த ஒரு பல்கலைக்கழகம் எப்படி இதற்குச் சம்மதித்தது?
– வாசகர், திருநெல்வேலி

நான் குறிப்பிட்ட விடுதி கட்டப்படவில்லை; வரைபடத்தோடு நின்றுவிட்டது. அதன் பெயர் மங்கர் ஹால். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில், பசிபிக் கடலோரத்தில், 4,500 மாணவர்கள் தங்குவதற்காக 11 தளங்களுடன் திட்டமிடப்பட்டது. அமெரிக்கப் பெருமுதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் நெடுநாள் கூட்டாளியும் பெர்க்ஷயர் ஹாத்தவே நிறுவனத்தின் துணைத் தலைவருமான சார்லி மங்கர் இதற்காக 20 கோடி டாலர் தருவதாக வாக்களித்திருந்தார். நன்கொடையோடு ஒரு நிபந்தனையும் வந்தது: கட்டடம் அவருடைய வடிவமைப்பின்படியே கட்டப்பட வேண்டும். மங்கர் கணிதமும் சட்டமும் பயின்றவர். கட்டடக்கலையை முறையாகக் கற்றவர் அல்லர்.

2021ல் வரைபடங்கள் வெளியானபோதுதான் படுக்கையறைகளில் 94 சதவீதத்துக்கு வெளி ஜன்னல் கிடையாது என்பது ஊருக்குத் தெரிந்தது. வெளியே கடலும் மலையும் ஆண்டு முழுவதும் இதமான வானிலையும் இருக்கும் ஓர் இடத்தில், உள்ளே இருப்பவருக்கு அவற்றில் எதுவுமே தெரியாதபடி ஒரு கட்டடம் வரையப்பட்டிருந்தது. என்னைக் கேட்டால், ஜன்னலை மறுப்பதற்கு உலகிலேயே மிகப் பொருத்தமற்ற இடத்தைத் தேடிப் பிடித்திருந்தார்கள்.

பல்கலைக்கழகம் சம்மதித்ததற்கு வீட்டுப் பஞ்சமே முக்கியக் காரணம். அந்தப் பகுதியில் வாடகை மிக அதிகம். அறை கிடைப்பது அரிது. 2021ன் இலையுதிர்காலப் பருவத்தில் மாணவர்கள் பலரைப் பல்கலைக்கழகமே ஓட்டல்களில் தங்கவைக்க நேர்ந்தது. அந்த நெருக்கடியில், ஒரே கட்டடத்தில் 4,500 பேருக்கு இடம், அதுவும் ஒவ்வொருவருக்கும் தனியறை என்ற பேச்சு நிர்வாகத்தின் காதுக்கு இனிமையாகத்தான் இருந்திருக்கும்.

நான் பொதுப்பணித் துறையில் முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தவன். எவ்வளவு மோசமாக வரைந்தாலும் நூற்றுக்கு 94 அறைகளுக்கு ஜன்னல் இல்லாமல் போவது எப்படிச் சாத்தியம் என்பது எனக்குப் புரியவில்லை. செலவை மிச்சப்படுத்த ஜன்னலைத் தவிர்த்தார்களா?
– ஓய்வுபெற்ற பொறியாளர், தஞ்சாவூர்

தங்களைப் போன்றவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்ததில் மகிழ்ச்சி, ஐயா. ஏனென்றால் இது வரைந்தவரின் கவனக்குறைவு அன்று. கட்டடத்தின் பருமன் முடிவான அன்றே இதுவும் முடிவாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கட்டடத்தின் மொத்தப் பரப்பு சுமார் 16.8 லட்சம் சதுர அடி. அதை 11 தளங்களுக்குப் பகிர்ந்தால் ஒரு தளத்துக்கு ஏறத்தாழ 1,52,700 சதுர அடி வரும். அதாவது ஒவ்வொரு தளமும் மூன்றரை ஏக்கர். கணக்கு எளிதாக இருப்பதற்காகத் தளத்தைச் சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் சுமார் 390 அடி. நான்கு பக்கமும் சேர்ந்த வெளிச்சுவரின் நீளம் சுமார் 1,560 அடி. மாணவர்கள் தங்குவதற்கு ஒதுக்கப்பட்டவை ஒன்பது தளங்கள். ஆகவே தளத்துக்கு 500 அறைகள். அறையின் அளவு ஏறத்தாழ 7 அடிக்கு 10 அடி. குறுகிய பக்கத்தையே வெளிச்சுவரில் வைத்தாலும் 500 அறைகளுக்கு 3,500 அடி வெளிச்சுவர் தேவை. இருப்பதோ 1,560 அடி. படிக்கட்டு, பொதுக்கூடம் எதற்கும் ஓர் அடிகூடக் கொடுக்காமல் சுற்றுச்சுவர் முழுவதையும் படுக்கையறைகளுக்கே கொடுத்தாலும் 223 அறைகளுக்குத்தான் ஜன்னல் வைக்க முடியும். பாதிகூட இல்லை.

இனி வெளிச்சத்தைப் பாருங்கள். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் பயன்படும் அளவுக்கு உள்ளே வரும் என்பது நம் தொழிலில் பழகிய கணக்கு. ஏழடி உயரத்தில் மேல்விளிம்பு இருந்தால் பதினான்கிலிருந்து பதினேழு அடி. மேலே சொன்ன சதுரத்தின் நடுப்புள்ளியோ எந்தப் பக்கத்துச் சுவரிலிருந்தும் 195 அடி தள்ளி நிற்கிறது. இதனால்தான் உலகெங்கும் விடுதிகளை நடுவில் ஒரு நடைகூடம், இருபுறமும் ஒவ்வொரு வரிசை அறை என்ற கணக்கில், ஐம்பது அறுபது அடிக்கு மேல் தடிக்காமல் கட்டுகிறார்கள். அதற்குமேல் ஆட்களை அடைக்க வேண்டுமானால் கட்டடத்தை நீட்டலாம், மடக்கலாம், நடுவில் முற்றம் விடலாம். தடிக்க மட்டும் விடக்கூடாது. நம் பழைய வீடுகளில் முற்றம் செய்த வேலையும் இதுதான்: உள்ளே ஒரு வெளிச்சுவரை உண்டாக்கிக் கொடுப்பது.

மங்கர் ஹாலுக்கு ஆதரவாக, அனாபொலிஸ் நகரில் உள்ள அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியின் பேங்க்ராஃப்ட் ஹாலில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே விடுதியில் இருக்கிறார்களே என்று சுட்டிக்காட்டுவது உண்டு. எண்ணிக்கை சரிதான். ஆனால் அது பல கிளைகளாகப் பிரிந்து, இடையிடையே முற்றங்களோடும் இருபதுக்கு மேற்பட்ட நுழைவாயில்களோடும் பரந்து கிடக்கும் கட்டடம். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வெளிச்சுவரின் நீளம் வேறு.

இன்னும் அழகான உதாரணம் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேக்கர் ஹவுஸ். பின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோ வடிவமைத்து 1949ல் முடிந்த இந்தச் செங்கல் விடுதி, மேலிருந்து பார்த்தால் பாம்பு ஊர்வதுபோல் நெளிந்திருக்கும். அழகுக்காக மட்டும் வந்த நெளிவு அல்ல அது. எதிரே சார்ல்ஸ் ஆறு. ஆற்றுக்கும் விடுதிக்கும் நடுவே வண்டிகள் ஓயாத சாலை. நேர்க்கோடாகக் கட்டியிருந்தால் அறைகள் சாலையை நேருக்கு நேர் பார்த்திருக்கும். நெளித்ததால் அதே மனையில் சுவரின் நீளம் கூடியது. பெரும்பாலான அறைகள் சாலையைச் சாய்வாக விட்டுவிட்டு ஆற்றைப் பார்க்கின்றன.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளிச்சுவர் குறைந்தால் கட்டுமானச் செலவு ஓரளவு குறையும் என்பது உண்மையே. ஆனால் மங்கர் ஹாலின் மதிப்பீடு 150 கோடி டாலர்! சிக்கனம் என்று யாரும் அதைச் சொல்ல முடியாது.

ஜன்னலுக்குப் பதிலாகச் செயற்கை ஜன்னல் பொருத்துவதாக இருந்தார்களாமே, அது போதாதா? எங்கள் விடுதியில் பாதிப் பேர் பகலிலும் திரையை இழுத்துவிட்டுக் கைப்பேசியோடுதான் இருக்கிறோம்.
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

ஒளிவுமறைவு இல்லாத கேள்வி. முதலில் மங்கர் தரப்பின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். விடுதியில் பெரிய துன்பம் அறையைப் பங்குபோடுவது. ஆகவே அறை சிறியதானாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும். எட்டு அறைகள் சேர்ந்து ஒரு குடியிருப்பு, எட்டுக் குடியிருப்புகள் சேர்ந்து ஒரு குழு. இந்த அறுபத்துச் சொச்சம் பேருக்குப் பொதுக்கூடமும் சமையல் வசதியும் உண்டு. அறை வசதிக்குறைவாக இருந்தால் மாணவர்கள் தாமாகவே வெளியே வந்து பழகுவார்கள் என்பது அவருடைய எண்ணம். தனியறை வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. இரவு இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கும் அறைத்தோழியோடு காலம் தள்ளியவர் எவரும் மறுக்கமாட்டார்.

செயற்கை ஜன்னல் என்ற யோசனையை, கடல் தெரியாத உள்ளறைகளில் திரைவழியே கடலைக் காட்டும் டிஸ்னி உல்லாசக் கப்பல்களிலிருந்து தாம் பெற்றதாக மங்கரே சொல்லியிருக்கிறார். நேரத்துக்கு ஏற்ப நிறமும் செறிவும் மாறும் விளக்குப் பலகையை ஒவ்வோர் அறையிலும் பொருத்துவது திட்டம். ஆனால் கப்பல் பயணி அந்த அறையில் ஒரு வாரம் இருப்பார். அறையில் இருக்கப் பிடிக்காவிட்டால் மேல்தளத்துக்குப் போய்விடுவார். மாணவர் தேர்வுக்குப் படிப்பதும் காய்ச்சலில் படுத்திருப்பதும் அந்த எழுபது சதுர அடியில்தான்.

வெளிச்சத்தின் அளவிலும் வேறுபாடு பெரியது. மேகம் மூடிய பகலில்கூட வெட்டவெளியில் பத்தாயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு வெளிச்சம் இருக்கும். நன்றாக விளக்கேற்றிய படிப்பறையில் முந்நூறிலிருந்து ஐந்நூறு லக்ஸ். நம் விழித்திரையில், உருவங்களைப் பார்ப்பதைவிடப் பொழுதை உடலுக்குத் தெரிவிப்பதையே முக்கிய வேலையாகக் கொண்ட உயிரணுக்கள் இருக்கின்றன. உறக்கமும் விழிப்பும் முறை தவறாமல் நடப்பதற்கு அவை பெறும் பகலொளி தேவை. விளக்குப் பலகை இதில் ஒரு பகுதியைச் செய்யக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஜன்னல் விளக்கு மட்டும் அல்லவே. மழை பெய்கிறதா, மைதானத்தில் ஆட்டம் முடிந்துவிட்டதா, கீழே நண்பர் நிற்கிறாரா என்பதையெல்லாம் பலகை சொல்லாது. திறந்தால் காற்றும் வராது. ஜன்னலற்ற அறையின் மூச்சு முழுவதும் இயந்திரக் காற்றோட்டத்தை நம்பியிருக்கிறது. மின்சாரமோ விசிறியோ நின்றால் மாற்று வழி இல்லை. பெருந்தொற்றுக் காலம் முழுதாக முடியாத 2021ல் இந்த வரைபடம் வெளியானது இன்னொரு வேடிக்கை.

பார்வையைப் பற்றி ஒரு பழைய ஆய்வைச் சொல்லலாம். பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் மருத்துவமனைப் பதிவுகளை ரோஜர் உல்ரிக் ஒப்பிட்டு 1984ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார். ஜன்னல்வழியே மரங்களைப் பார்த்தவர்கள் சிகிச்சைக்குப் பின் சராசரியாக 7.96 நாளும், செங்கல் சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாளும் மருத்துவமனையில் இருந்தார்கள். சிறிய ஆய்வுதான், அதை வைத்துப் பெரிய கோட்டை கட்டக்கூடாது. இரு தரப்புக்கும் ஜன்னல் இருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

மங்கரின் கொடையில் இதே யோசனையோடு முன்பே ஒரு விடுதி கட்டப்பட்டிருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், ஆன் ஆர்பர் நகரில், 2015ல் திறக்கப்பட்ட முதுநிலை மாணவர் விடுதி அது. அங்கும் பெரும்பாலான படுக்கையறைகளுக்கு ஜன்னல் இல்லை, பொதுக்கூடங்களுக்கு உண்டு. தங்கியவர்களில் சிலர் தனியறையையும் வசதிகளையும் பாராட்டினார்கள். வேறு சிலர், எழுந்தால் விடிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை என்றார்கள்.

திரையை இழுத்துவிட்டு இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது அம்மா, இழுக்கத் திரையும், அதற்குப் பின்னால் ஒரு ஜன்னலும் உங்களுக்கு இருக்கின்றன. வேண்டும்போது திறந்துகொள்வீர்கள்.

4,500 பேருக்கு இரண்டே வாசல் என்று படித்தேன். தீப்பிடித்தால் என்ன ஆவது?
– வாசகர், சென்னை

வாசல் வேறு, அவசர வழி வேறு. இரண்டு என்று சொல்லப்பட்டது அன்றாடம் புழங்கும் பிரதான வாசல்களை. தீ விபத்தின்போது வெளியேறுவதற்கான, தீயும் புகையும் நுழையாதபடி சுவர் சூழ்ந்த படிக்கட்டுகளும் நீர்தெளிப்பான்களும் இல்லாமல் அங்கே எந்தக் கட்டடத்துக்கும் அனுமதி கிடைக்காது. இதையும் சொல்ல வேண்டும்: அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிக் கட்டட விதிகள், இயற்கை வெளிச்சத்துக்கு ஈடாக விளக்கையும், ஜன்னல் காற்றுக்கு ஈடாக இயந்திரக் காற்றோட்டத்தையும் ஏற்றுக்கொள்கின்றன. விதியை மீறிய வரைபடம் என்று இதைத் தள்ளிவிட முடியாது என்பதுதான் சங்கடம்.

இரண்டு வாசலின் தொல்லை தீயைவிட, காலை வகுப்பு நேரத்தில் அதிகம் தெரிந்திருக்கும். மூவாயிரம் பேர் அரை மணி நேரத்தில் வெளியேறுவதாக வைத்துக்கொண்டால் ஒரு வாசலில் நிமிடத்துக்கு ஐம்பது பேர், பாதிப் பேர் சைக்கிளோடு. அதற்கு முன்பே மின்தூக்கிக்குக் காத்திருக்க வேண்டும்.

கட்டடக் கலைஞர்கள் யாரும் எதிர்க்கவில்லையா? திட்டம் எப்படி நின்றது?
– வாசகர், மதுரை

எதிர்த்தவர் ஒருவர் பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு ஆய்வுக் குழுவில் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆலோசகராக இருந்த டென்னிஸ் மெக்ஃபேடன், அக்டோபர் 2021ல் விலகினார். ஒரு கட்டடக் கலைஞனாகவும் ஒரு தகப்பனாகவும் ஒரு மனிதனாகவும் இதை ஏற்க முடியாது என்பது அவருடைய விலகல் கடிதத்தின் சாரம். அதில் பலர் கவனிக்காத பகுதி வேறு: குழுவின் முன் வரைபடம் வைக்கப்பட்டபோதே வடிவமைப்பு முழுமையாக முடிந்துவிட்டதாகச் சொல்லப்பட்டது, ஒப்புதல் கேட்கப்படவில்லை, வாக்கெடுப்பும் இல்லை. ஆய்வு செய்வதற்கென்று ஒரு குழுவை வைத்துக்கொண்டு, ஆய்வு செய்ய எதுவும் இல்லை என்று அதனிடம் சொல்வது என்ன முறையோ!

எனக்கு வியப்பளிப்பது பணக் கணக்கு. 150 கோடியில் 20 கோடி என்றால் சுமார் 13 சதவீதம். மீதி 87 சதவீதத்தைத் திரட்ட வேண்டியது பல்கலைக்கழகம். வடிவத்தின் மீதான உரிமையோ முழுவதும் 13 சதவீதம் கொடுப்பவருக்கு. நம் பக்கத்தில் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தவர் வெளிச்சம் தெரியாத அளவுக்குத் தம் பெயரை எழுதிவைப்பதைப் பார்த்திருக்கிறோம். கோயிலின் வரைபடத்தையே அவர் கேட்டதில்லை.

எதிர்ப்பு மாணவர்களிடமும் பேராசிரியர்களிடமும் பரவியது. பேராசிரியர் அவை அமைத்த குழு 2022ல் திட்டத்தை ஆராய்ந்து, அறைகளுக்கு ஜன்னல் வேண்டும், நெரிசலைக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆகஸ்ட் 2023ல் பல்கலைக்கழகம் புதிய விடுதிக்காக வேறு கட்டடக்கலை நிறுவனங்களைத் தேடத் தொடங்கியதோடு மங்கர் ஹால் முடிந்தது. மங்கர் அதே ஆண்டு நவம்பரில், தமது 99ஆம் வயதில் காலமானார்.

கட்டடக்கலை படிக்காதவர் வரைந்ததால் வந்த வினை என்று சொல்லலாமா? புகழ்பெற்ற நிபுணர்களிடம் விட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும் அல்லவா?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

அப்படி உறுதி சொல்ல முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் குயின்ஸ் கல்லூரிக்காக ஜேம்ஸ் ஸ்டர்லிங் வடிவமைத்து 1971ல் முடிந்த ஃப்ளோரி விடுதியைப் பாருங்கள். அவர் அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவர். விடுதி ஒரு முற்றத்தைச் சூழ்ந்து வளைந்து நிற்கும். வெளிப்புறம் சிவப்பு ஓடு பதித்த சுவர், முற்றத்தைப் பார்க்கும் பக்கம் ஏறக்குறைய முழுதும் கண்ணாடி. அறை முழுக்க வெளிச்சம் கிடைத்தது. கூடவே கோடையில் வெக்கையும் குளிர்காலத்தில் நடுக்கமும் கிடைத்தன. எதிர் அறையில் இருப்பவர் பார்வையிலிருந்து தப்ப வழியில்லை. ஓசை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் தாராளமாகப் போய்வந்தது. இன்று அது பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது. புகைப்படத்தில் மிக அழகாக இருக்கும்.

என் மகள் அடுத்த மாதம் கல்லூரி விடுதியில் சேர இருக்கிறாள். நேரில் அறையைப் பார்க்க அனுமதிப்பார்கள் என்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, நாகர்கோவில்

நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஈரப்பதமும் வெப்பமும் மிகுந்த பகுதிகளில் அறையின் தரைப்பரப்பில் குறைந்தது ஆறில் ஒரு பங்கு அளவுக்கு வெளிக்காற்றைப் பார்க்கும் திறப்பு வேண்டும் என்கிறது. கதவை அதில் சேர்க்கக்கூடாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் 120 சதுர அடி. திறப்பு 20 சதுர அடி, அதாவது நான்குக்கு ஐந்து அடி ஜன்னல். இப்போது பெருகிவிட்ட நகர்த்துக் கண்ணாடி ஜன்னலாக இருந்தால் ஒரு பாதியைத்தான் திறக்க முடியும். ஆகவே காற்றுக்குக் கணக்கில் வருவது பத்துச் சதுர அடிதான். ஒரு பக்கம் மட்டும் திறப்பு இருந்தால் காற்று நுழைந்து எங்கே போகும்? எதிர்ச்சுவரில், கதவுக்கு மேலே திறக்கக்கூடிய வென்டிலேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் அதன் மேல் அட்டையை ஒட்டி அடைத்திருப்பார்கள்.

ஜன்னல் இருப்பதைவிட அது எதைப் பார்க்கிறது என்பது முக்கியம். நான் படித்த காலத்து விடுதியில் என் அறைக்கு அளவான ஜன்னல் ஒன்று இருந்தது. அது திறந்தது குளியலறைக் குழாய்கள் இறங்கும் நான்கடிச் சந்துக்குள். மூன்று ஆண்டுகளில் அதைத் திறந்து வைத்த நாட்கள் மிகக் குறைவு. ஈரத்துண்டைக் காயப்போட மட்டும் அதன் கம்பி பயன்பட்டது, துண்டும் காயாது. விதிப்படி அதுவும் ஜன்னல் என்றே எங்கோ ஒரு வரைபடத்தில் கணக்காகியிருக்கும்.

முடிந்தால் மாலை நான்கு மணிக்குப் போங்கள். மேற்குப் பார்த்த அறையானால் வெளிச்சுவரின் உட்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் போதும், ஏப்ரல் மாத இரவு எப்படி இருக்கும் என்பது தெரிந்துவிடும். ஜன்னலைத் தங்கள் கையால் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். மேல்தளத்து அறையென்றால் கூரையின் மூலைகளில் நீர்க்கறை இருக்கிறதா என்பதையும், புதிதாக அந்த மூலைக்கு மட்டும் வெள்ளையடித்திருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.